பதற்றத்திலும் பிறழாத நெறி

நம் நாட்டில் கொளுத்தப்படும் பட்டாசுகளில் மிகப் பெரும் பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் ஆகிய வட்டாரங்களில் உருவாகிறது என்பதை யாவரும் அறிவர். மழை பொய்க்கும் இக்கரிசல் பூமியில், வேளாண்மை கைகொடுக்காத குடும்பங்களுக்கு இத்தொழிலே பல தலைமுறைகளாகச் சோறு அளித்து வருகிறது. ஆயினும் சோறு தரும் அக்கை சில வேளைகளில் உயிரையும் பறித்துக் கொள்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர்ப் பகுதியிலுள்ள அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் இரு இடங்களில் வெடி விபத்துகள் நேர்ந்தன. 2024 மே மாதம் செங்கமலப்பட்டியிலும், 2025 ஜூலை மாதம் சின்னக்காமன்பட்டியிலும் மீண்டும் அதே அவலம்.

விபத்து நேர்ந்த ஒவ்வொரு முறையும் அதன் காரணங்கள் பேசப்படுகின்றன. மருந்து உராய்ந்தது, அறையில் அளவுக்கு மீறி ஆட்கள் இருந்தனர், உரிமம் பெற்றவர் வேறொருவருக்கு உள்குத்தகை விட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. விபத்தைத் தடுப்பதற்கு நிகரான மருந்து வேறில்லை. ஆனால் தடுக்கத் தவறிய நாளில், வெந்த உடலோடு ஒருவர் மருத்துவமனை வாயிலில் இறக்கப்படுகிறாரே, அந்த முதல் மணி நேரத்தில் உள்ளே என்ன நடைபெற வேண்டும்? அதைச் செய்ய வேண்டிய மருத்துவரும் செவிலியரும் செய்ய வேண்டிய யாவற்றையும் விடாது செய்வதற்கு நாம் எவ்வாறு துணை நிற்கலாம்? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையே எடுத்துக்கொள்கிறது.

அறிந்தும் விடுபடுவது ஏன்?

ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு காயத்துக்கும் முதலில் எதைச் செய்வது, அடுத்து எதைச் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று அறிஞர் குழுக்கள் ஆராய்ந்து எழுதி வைத்திருக்கும் முறைகளே சிகிச்சை வழிகாட்டி நெறிகள் எனப்படுகின்றன. பல்லாயிரம் நோயாளிகளிடம் கண்ட அனுபவம் ஓரிரு பக்கங்களில் அடங்கியிருக்கிறது என்று கூறலாம். ஆயினும் உலகெங்கும் மருத்துவமனைகளில் இந்நெறிகள் பல நேரங்களில் முழுமையாகப் பின்பற்றப்படுவதில்லை.

இதற்குச் சோம்பலே காரணம் என்று நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடலாகாது. 1999ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சிலர், மருத்துவர்கள் நெறிகளைப் பின்பற்றாததன் காரணங்களைத் தொகுத்து வெளியிட்டனர். அப்படி ஒரு நெறி இருப்பதே சிலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவருள் சிலர் அதனைப் பழகியதில்லை. வேறு சிலர் அதனை ஏற்பதில்லை. ஏற்றவரிலும் சிலர் தம்மால் அதைச் செய்ய இயலும் என்று நம்புவதில்லை. செய்தாலும் பயன் விளையும் என்று எண்ணுவதில்லை. பழைய வழக்கத்தை விட மனம் வராதோரும் உண்டு. இவை யாவற்றையும் கடந்து ஒருவர் முன்வந்தாலும், நேரமும் பொருளும் ஆளும் இன்மையால் கை கட்டப்பட்டு நிற்பார்.

நம் வட்டாரத்துச் சூழ்நிலையை இத்துடன் இணைத்துப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணி. புறநோயாளிகள் கூட்டம் அப்போதுதான் கலைந்திருக்கிறது. பணியில் ஒரு மருத்துவரும் இரண்டு மூன்று செவிலியரும் உள்ளனர். திடீரென ஆம்புலன்சிலும் வேனிலும் ஆட்டோவிலுமாகப் பதினைந்து பேர் வந்து இறங்குகின்றனர். அவர்களோடு நூறு பேர் உள்ளே நுழைகின்றனர். அழுகுரல் ஒருபுறம், தொலைபேசி ஒருபுறம், காவலர் ஒருபுறம், செய்தியாளர் ஒருபுறம். அந்நிலையில் நேற்றுப் படித்ததும் நினைவுக்கு வாராது. நினைவாற்றலை மட்டும் நம்பி மனிதர் பணியாற்றலாகாத இடங்களுள் அவசரச் சிகிச்சைப் பிரிவு முதன்மையானது.

தீக்காய நெறி கூறுவது யாது?

தீக்காயத்தைக் கண்டவுடன் கண்ணைக் கவர்வது வெந்த தோல். ஆனால் நெறி கூறும் முதல் பாடம், தோலை முதலில் பாராதே என்பதுதான். மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு சீராக உள்ளதா, இரத்த ஓட்டம் உள்ளதா என்பவற்றையே முதலில் காண வேண்டும். மூடிய அறையில் தீயில் சிக்கியவரின் மூக்கு முடி கருகியிருந்தாலோ, சளியில் கரி தென்பட்டாலோ, குரல் கம்மியிருந்தாலோ உள்ளே தொண்டையும் வெந்திருக்கக் கூடும். இப்போது பேசிக்கொண்டிருப்பவரின் தொண்டை சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துவிடும். ஆகவே வீக்கம் முற்றுமுன்னரே மூச்சுக் குழாய் செலுத்த வேண்டுமா என்று முடிவு செய்தல் வேண்டும். "நன்றாகத்தானே பேசுகிறார்" என்று காத்திருப்பது பேராபத்து.

இரண்டாவது, வெந்த பரப்பை அளத்தல். 1951ஆம் ஆண்டு எடின்பரோ நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் வாலஸ் எளிய முறை ஒன்றைப் பரப்பினார். இதனை ஒன்பதின் விதி என்பர். தலைக்கு 9 சதவீதம், ஒவ்வொரு கைக்கும் 9, ஒவ்வொரு காலுக்கும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, பிறப்புறுப்புப் பகுதிக்கு 1 என்று கூட்டினால் நூறு வரும். குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது. அவர்களுக்குக் கணக்கு வேறு. சிறு சிறு காயங்களை அளக்க, நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையை ஏறத்தாழ 1 சதவீதம் எனக் கொள்ளலாம். வெறுமனே சிவந்த தோலைக் கணக்கில் சேர்க்கலாகாது.

மூன்றாவது, உடல் இழக்கும் நீரை ஈடு செய்தல். பெரிய தீக்காயத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. வெளியே இரத்தம் சொட்டாவிடினும் உள்ளே இரத்த ஓட்டம் வற்றுகிறது. முதல் நாளில் பலரைக் கொல்லும் அதிர்ச்சி நிலை இதுவே. இதற்கு நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீரைச் செலுத்துவர்.

காலத்தைக் கணக்கிடல்

எவ்வளவு நீர் என்பதற்கு அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்ல்ஸ் பாக்ஸ்டர் என்னும் மருத்துவர் 1960களில் வகுத்த கணக்கு இன்றும் பயில்கிறது. உடல் எடையை வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதனை 4 மி.லி. ஆல் பெருக்குக. முதல் 24 மணி நேரத்துக்கான நீர் அது. அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் செலுத்த வேண்டும்.

60 கிலோ எடையுள்ள தொழிலாளி ஒருவருக்கு 40 சதவீதம் வெந்துவிட்டதாகக் கொள்வோம். 60, 40, 4 ஆகியவற்றைப் பெருக்கினால் 9600 மி.லி. அதில் பாதி 4800. எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 600 மி.லி. பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் அந்த எட்டு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று, தீப்பட்ட நேரத்திலிருந்து. தீப்பட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவர் வந்து சேர்ந்தார் என்றால், 4800 மி.லி. நீரைச் செலுத்த ஆறு மணி நேரமே எஞ்சியுள்ளது. ஆகவே மணிக்கு 800 மி.லி. வேண்டும். தீப்பட்ட நேரத்தை எவரும் குறித்து வையாவிடில் இக்கணக்கே தொடக்கத்தில் பிழைத்துவிடும். ஒரு சிறு தாளில் "தீப்பட்ட நேரம்" என்று ஒரு கட்டம் இருப்பதும் இல்லாமையும் இவ்வளவு வேறுபாட்டை விளைவிக்கிறது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. அளவுக்கு மீறிய நீரும் நுரையீரலையும் வயிற்றையும் வீங்கச் செய்து கேடு விளைக்கும். அதனாலேயே பெரியவர்களுக்கு 2 மி.லி. கணக்கிலேயே தொடங்கி, நோயாளியின் நிலைக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யுமாறு அண்மைக்கால நெறிகள் கூறுகின்றன. எந்தக் கணக்கில் தொடங்கினாலும் சிறுநீரின் அளவே சரியான சாட்சி. பெரியவர்க்கு மணிக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ அரை மி.லி., சிறு குழந்தைக்கு ஒரு மி.லி. சிறுநீர் வெளியேற வேண்டும். அதை மணிதோறும் அளந்து எழுதும் செவிலியரே உண்மையில் அந்நோயாளியின் உயிர்க் கணக்கை எழுதுகிறார்.

கண்ணுக்குத் தெரியாத காயங்கள்

பட்டாசு விபத்து வெறும் தீ விபத்தன்று. வெடி விபத்தும் ஆகும். வெடிப்பின் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிக்கும். நுரையீரலையும் குடலையும் வெளியே தெரியாமல் காயப்படுத்தும். மேலே சிராய்ப்பு மட்டுமே உள்ள ஒருவர் சில மணி நேரத்துக்குப் பின் மூச்சுத் திணறக் கூடும். வெடிச் சத்தத்தால் செவி கேளாமற்போனவரிடம், "எங்கே வலிக்கிறது?" என்று எத்தனை முறை கேட்டும் விடை வாராது. அவர் மயங்கிவிட்டார் என்று தவறாகக் கருதவும் கூடும். எழுதிக் காட்டியோ சைகையாலோ கேட்க வேண்டும்.

புகையும் அவ்வாறே மறைந்து தாக்குவது. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுக் கடை ஒன்றில் தீப்பற்றியபோது, அருகிலிருந்த ஸ்கேன் மையத்தினுள் புகை புகுந்து, அங்கிருந்தோர் மூச்சுத் திணறி மாண்ட துயரத்தை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவி இந்நச்சையும் ஆக்சிஜனையும் பிரித்தறியாது. ஆகவே எண் நன்றாக இருப்பதாகக் காட்டும். நோயாளியோ உள்ளே மூச்சற்றுக் கொண்டிருப்பார். புகையில் சிக்கியவர்க்குக் கருவியின் எண்ணைப் பாராது முழு அளவில் ஆக்சிஜன் அளிக்க வேண்டும் என்று நெறி கூறுவது இதனாலேயே. கண்ணும் அனுபவமும் ஏமாற்றும் இடத்தில் எழுதி வைத்த நெறி ஏமாற்றாது.

ஒரு தாளின் வலிமை

இத்தனையையும் பதற்றத்தில் நினைவுகூர்வது எப்படி? விடை விமானத் துறையிலிருந்து வந்தது. 1935ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று சோதனைப் பறப்பில் எழும்பியவுடன் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் தேர்ந்த விமானி. பறக்குமுன் விடுவிக்க வேண்டிய ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார். அவ்விமானத்தை ஓட்டக் கற்ற ஏனைய விமானிகள் மேலும் நீண்ட பயிற்சி கேட்கவில்லை. செய்ய வேண்டியவற்றைச் சிறு அட்டையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தனர். அந்த அட்டை முறை இன்று உலகின் விமானங்கள் அனைத்திலும் உள்ளது.

மருத்துவத்திலும் இம்முறை பயன் தந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர், பெரிய இரத்தக் குழாயினுள் குழாய் செலுத்துமுன் செய்ய வேண்டிய ஐந்து செயல்களை ஒரு தாளில் எழுதினார். கை கழுவுதல் அவற்றுள் முதலாவது. ஐந்தும் எல்லா மருத்துவரும் அறிந்தவை. புதுமை யாதெனில், மருத்துவர் ஒன்றை விட்டுவிட்டால், "நிறுத்துங்கள்" என்று கூறும் அதிகாரத்தை அவர் செவிலியருக்கு அளித்ததுதான். மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் இம்முறையைப் புகுத்தியபோது, குழாய் வழித் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்ததென 2006ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென 19 வரிகள் கொண்ட சரிபார்ப்புத் தாளை உருவாக்கியது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அது சோதிக்கப்பட்டது. நம் தலைநகர் புது தில்லியிலுள்ள புனித ஸ்டீபன் மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. 2009ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பின் இறப்போர் விகிதம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

தாள் மட்டும் போதுமா?

இதைப் படித்தவுடன், சுவர்தோறும் தாளை ஒட்டிவிட்டால் போதும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அதே அறுவைத் தாளை 101 மருத்துவமனைகள் மேற்கொண்டன. 2014ஆம் ஆண்டு அதன் விளைவை ஆராய்ந்தபோது, இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை. ஆணைப்படி தாளில் குறியிடுவது வேறு, நின்று நிதானித்து ஒருவரோடொருவர் பேசிச் சரிபார்ப்பது வேறு என்று இதற்கு விளக்கம் கூறுவோர் பலர்.

நம் நாட்டிலேயே கிடைத்த பாடம் இன்னும் ஆழமானது. உத்தரப் பிரதேசத்தில் 120 அரசுப் பிரசவ நிலையங்களில் பாதுகாப்பான மகப்பேற்றுக்கான சரிபார்ப்புத் தாள் சோதிக்கப்பட்டது. அவற்றுள் பாதி நிலையங்களுக்குப் பயிற்சியாளர் நேரில் சென்று, பணியாளரின் அருகிலிருந்து ஊக்கினர். ஏனைய நிலையங்கள் முன்போலவே இயங்கின. இரண்டு மாதங்களில், செய்ய வேண்டிய செயல்களுள் பயிற்சி பெற்ற நிலையங்களில் நூற்றுக்கு சுமார் 73 உம், ஏனையவற்றில் சுமார் 42 உம் செய்யப்பட்டன. அருகிலிருந்து கற்பிப்பவர் இருந்தால் மனிதர் மாறுவர் என்பதற்கு இது தெளிவான சான்று. ஆனால் பயிற்சியாளர் வருகை நின்ற பின் அந்த முன்னேற்றம் ஓரளவு சரிந்தது. 2017ஆம் ஆண்டு வெளியான இறுதி முடிவில், தாய் சேய் மரணங்கள் குறைந்ததாகவும் தெரியவில்லை. நூற்றுக்கு எழுபது செய்தாலும் விடுபட்ட முப்பதில் உயிர் போய்விடலாம் என்பதே இதிலிருந்து நாம் உணரத்தக்கது. கையுறையும் மருந்தும் மேல் மருத்துவமனையும் கைக்கெட்டாத இடத்தில், தாள் தனியே அற்புதம் செய்யாது.

ஊழியருக்கு உதவும் வழிகள்

அப்படியானால் தீக்காயம் மிகுந்த நம் வட்டாரத்தில் அவசரச் சிகிச்சைப் பணியாளருக்கு உண்மையில் உதவுபவை எவை? ஆய்வுகளும் அனுபவமும் காட்டும் சில வழிகளை இங்கே தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, நெறியைத் தடித்த நூலிலிருந்து எடுத்து நோயாளியின் படுக்கையருகே கொண்டுவருதல். தீப்பட்ட நேரம், உடல் எடை, வெந்த பரப்புக்கான மனித உருவப் படம், மணிதோறும் சிறுநீர் அளவு ஆகியவற்றுக்கு இடம்விட்டு அச்சிட்ட ஒரே தாள் போதும். நாடறிந்த அச்சுத் தொழிலைக் கொண்ட சிவகாசிக்கு இத்தாளை அச்சிடுவது பெரும் காரியமன்று.

இரண்டாவது, பொருளை நெறியோடு சேர்த்து வைத்தல். தீக்காயப் பெட்டி ஒன்றில் உப்புநீர்ப் புட்டிகள், ஊசிகள், சிறுநீர்க் குழாய், தூய துணி, வலிநீக்கி மருந்து, ரணஜன்னித் தடுப்பூசி ஆகியவை எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்க யாரிடம் சாவி என்று தேடும் நிலை வரலாகாது.

மூன்றாவது, ஒத்திகை. உற்பத்தி விரைவடையும் தீபாவளிக்கு முந்திய மாதங்களில் மருத்துவமனையும் 108 ஆம்புலன்ஸ் ஊழியரும் தீயணைப்புத் துறையினரும் கூடி, இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று நடித்துப் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கிய 108 சேவை இன்று சிற்றூர்களையும் எட்டுகிறது. வண்டியிலிருந்தே, "மூவர் கடுமையாக வெந்தவர், ஐவர் நடக்கக் கூடியவர்" என்று முன்னறிவிப்புக் கிடைத்தால் மருத்துவமனை ஆயத்தமாகும்.

நான்காவது, வரிசைப்படுத்தல். உடனே கவனிக்க வேண்டியவர்க்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக் கூடியவர்க்கு மஞ்சள், காத்திருக்கக் கூடியவர்க்குப் பச்சை என்று தமிழக அரசின் விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டத்தின் கீழ் மருத்துவமனைகளில் பகுக்கின்றனர். நெப்போலியனின் படையில் பணியாற்றிய லாரே என்னும் அறுவை மருத்துவர், படைத்தலைவனா சிப்பாயா என்று பாராது காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்துச் சிகிச்சை அளித்த காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. வாயிலில் நின்று நிறம் குறிப்பவர் அனுபவம் முதிர்ந்தவராக இருத்தல் வேண்டும். அவர் முடிவை எவரும், எத்துணைச் செல்வாக்குடையவராயினும், மாற்ற முயலலாகாது.

ஐந்தாவது, பழி தூற்றாத பின்னாய்வு. விபத்து முடிந்து ஒரு வாரத்துக்குள் அனைவரும் அமர்ந்து, எத்தனை பேருக்குத் தீப்பட்ட நேரம் குறிக்கப்பட்டது, எத்தனை பேருக்குச் சிறுநீர் அளக்கப்பட்டது, மேல் மருத்துவமனைக்கு அனுப்பியபோது எவ்வளவு நீர் ஏற்றினோம் என்பதை எழுதி அனுப்பினோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். யார் தவறு என்று தேடினால் அடுத்த முறை உண்மை வெளிவாராது. எங்கே தடைப்பட்டது என்று தேடினால் தடை நீங்கும். இளம் செவிலியரும் அச்சமின்றிப் பேசும் கூட்டமாக அது அமைய வேண்டும்.

இவ்வகையில் நம் மாவட்டம் முன்னைவிடச் சிறிது வசதி பெற்றுள்ளது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கடும் காயமுற்றோர் யாவரையும் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கே கொண்டு செல்ல வேண்டும் என்னும் நிலை மாறி வருகிறது. ஆயினும் அந்தப் பயணம் சில வேளைகளில் இன்னும் தேவைப்படுகிறது. அனுப்புமுன் மூச்சுப் பாதையும் நீர் ஏற்றமும் சீர் செய்யப்படாவிடில் சாலையே நோயாளிக்கு எமனாகிவிடும்.

குடும்பத்தினர் செய்யத்தக்கது

நெறியைப் பின்பற்றுதல் மருத்துவர் கடன் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் செயலே பல நேரங்களில் அவர்கள் கையைத் தடுக்கிறது. நம் செயலே அவர்களுக்குத் துணையும் ஆகலாம்.

விபத்து நடந்த இடத்துக்கு வேடிக்கை பார்க்கவோ தக்க பாதுகாப்பின்றி மீட்கவோ ஓடாதீர்கள். முதலிப்பட்டியில் மாண்டவருள் பலர் அத்தொழிற்சாலையின் தொழிலாளர் அல்லர். செய்தி கேட்டு வந்து நின்றவரும் உதவ ஓடியவரும் ஆவர். அடுத்தடுத்த வெடிப்புகள் அவர்களைப் பலிகொண்டன.

ஆடையில் தீப்பற்றினால் ஓடாது தரையில் விழுந்து உருள வேண்டும். உடலில் ஒட்டிய மருந்துத் தூளைத் தட்டிவிட்டு, மருந்து படிந்த ஆடையைக் களைந்து, வெந்த இடத்தில் குழாய் நீரை 20 நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். தீப்பட்டு மூன்று மணி நேரம் வரையிலும் இதனால் பயனுண்டு. பனிக்கட்டி வேண்டா. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டா. உடலில் பெரும் பகுதி வெந்தவரும் குழந்தைகளும் குளிரால் விறைத்துவிடாதபடி, காயமற்ற இடத்தைப் போர்த்திக் காக்க வேண்டும். வளையல், மோதிரம், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் தொடங்குமுன் கழற்றுங்கள். மை, மஞ்சள், பற்பசை, தோசைமாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். அவை காயத்தின் ஆழத்தை மறைக்கின்றன. அவற்றைக் கழுவி நீக்குவதில் மருத்துவர் நேரம் வீணாகிறது. நோயாளிக்கு இரட்டை வேதனை. தூய துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள். தீப்பட்ட நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு முதலில் காணும் செவிலியரிடம் கூறுங்கள். மூடிய அறையா, திறந்த வெளியா, புகை இருந்ததா, வெடித்ததா என்பதையும், நோயாளியின் எடை, பிற நோய்கள், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றையும் கூறுங்கள். உரிமமற்ற இடத்தில் வேலை செய்தார் என்று அஞ்சி நேரத்தையோ இடத்தையோ மறைக்காதீர்கள். பொய்யான நேரம் பொய்யான நீர்க் கணக்காகும்.

குடும்பத்தின் சார்பில் ஒருவர் மட்டும் உள்ளே பேசட்டும்; ஏனையோர் வெளியே அமைதி காக்கட்டும். அலறுகிறவருக்குக் குறைந்தபட்சம் மூச்சு இருக்கிறது. ஓசையின்றிக் கிடப்பவரே பெரும்பாலும் முதலில் கவனிக்க வேண்டியவர். எங்கள் பிள்ளையை முதலில் பாருங்கள் என்று இழுப்பது பெற்ற மனத்தின் இயல்பே. ஆனால் அப்படி இழுத்தால், இன்னொரு தாயின் பிள்ளை அந்நேரத்தில் மூச்சின்றிப் போகலாம். "ஊசி போடவில்லையே, நல்ல ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லையே" என்று சினக்க வேண்டா. தொற்று ஏதும் தென்படாத புதிய தீக்காயத்துக்கு அம்மருந்தை வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை என்றே நெறிகள் கூறுகின்றன. சந்தேகமிருந்தால், "எதற்காகக் காத்திருக்கிறோம், ஐயா?" என்று பணிவோடு கேட்கலாம். நல்ல மருத்துவர் அதற்கு மகிழ்ந்து விடை கூறுவார்.

பட்டாசு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் நிறைந்த பங்குகளில், ஆண்டுக்கொரு முறை ஞாயிறு மாலையில் செவிலியர் ஒருவரை அழைத்து, முதலுதவியைச் செய்து காட்டச் சொல்லலாம். இளைஞர் குழுவினர் மருத்துவமனை வாயிலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், இரத்த தானம் செய்வோரின் பட்டியலை ஆயத்தமாக வைத்திருக்கவும் முன்வரலாம். இவை பொருட்செலவு மிகுந்த காரியங்கள் அல்ல.

இறுதியாக ஒன்று. இரவெல்லாம் நின்று மணிதோறும் சிறுநீர் அளந்த செவிலியரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வாராது. தீப்பட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்த ஆம்புலன்ஸ் ஊழியரை எவரும் மாலையிட்டு வரவேற்பதில்லை. ஆனால் வெந்து வந்த தொழிலாளி மூன்று மாதம் கழித்துத் தன் காலால் நடந்து வீடு திரும்பினால், அந்நடையில் அவ்விருவரின் பங்கும் உண்டு. அவர்களிடம் குறை கண்டால் எடுத்துக் கூறுவோம். கருவியும் ஆளும் குறைந்தால் அவர்களுக்காக உரியவர்களிடம் கேட்போம். நெறிப்படி அவர்கள் நடக்கும்போது வழிவிட்டு நிற்போம். தீபாவளிக்கு இன்னும் எத்தனை மாதங்கள் உள்ளன என்று எண்ணிக்கொண்டே வேலைக்குச் செல்லும் நம் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இதுவாகும்.